வெள்ளி முனைப் பாசி

தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனத் தென் அரைக்கோளத்தைத் தாயகமாகக் கொண்ட ஒரு பாசி, 1941-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் முதன்முறையாகப் பதிவானது. பெயர் காம்பைலோபஸ் இன்ட்ரோஃப்ளெக்சஸ். வெற்று மண்ணில் கரும்பச்சை மெத்தையாகப் படரும். இலை நுனி ஒவ்வொன்றிலும் நிறமற்ற ஒரு மயிரிழை. ஈரத்தில் அது நிமிர்ந்திருக்கும். காய்ந்ததும் செங்கோணமாக வெளிப்பக்கம் மடியும். அப்போது மேலிருந்து பார்த்தால் தண்டுக்குத் தண்டு ஒரு வெள்ளி நட்சத்திரம்! குனிந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற அழகு அது.

இதன் நெருங்கிய உறவான காம்பைலோபஸ் பைலிஃபருக்கும் வெள்ளை முனை உண்டு. இலையைக் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு துலங்கும். நடுநரம்பின் முதுகில் ஓடும் வரிமேடுகள் இன்ட்ரோஃப்ளெக்சஸில் இரண்டு செல் உயரத்தைத் தாண்டுவதில்லை. பைலிஃபரில் அதைவிட உயரம். ஒரு நாட்டின் தாவரப் பட்டியலில் புதிய பெயர் ஒன்று ஏறுவதற்குப் பின்னால் இவ்வளவு பொறுமை இருக்கிறது.

இன்ட்ரோஃப்ளெக்சஸின் உடைந்து விழும் தண்டு நுனிகளே புதுச் செடிகளாக வேர்பிடிக்கும். நெதர்லாந்தின் மணல்மேடுகளில் இது பரவி, அங்கிருந்த லைக்கன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அழகான இந்த விருந்தாளியால் தொல்லையும் உண்டு. முதல் வரவைக் கவனித்து எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான், அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்று இன்று கணக்கிட முடிகிறது. பாசியைத் தேடி மண்டியிடும் அந்தக் கண்களுக்கு என் வணக்கம்.