சர்வீஸ் கிளாஸ்: எங்கே பலம், எங்கே பாரம்?

மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நிறுவன மென்பொருள் கட்டமைப்பு நூலில் சர்வீஸ் லேயர் பற்றிய பகுதியை எழுதியவர் ராண்டி ஸ்டாஃபோர்ட். சேல்ஸ்ஃபோர்ஸின் ஏபெக்ஸ் மொழியில் எழுதும் பல குழுக்கள் அந்த லேயரைச் சர்வீஸ் கிளாஸ்களாக இன்று கேள்வி கேட்காமல் பின்பற்றுகின்றன. கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் பலம் வெளிப்படையானது. ஆர்டருக்குத் தள்ளுபடி கணக்கிடும் லாஜிக்கைத் திரையின் பட்டன், இரவில் ஓடும் பேட்ச், ஃப்ளோ, வெளியிலிருந்து வரும் ஏபிஐ அழைப்பு என நான்கும் அழைக்கலாம். அது ஒரே கிளாஸில் இருந்தால் விதி மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இரண்டாவது பலம் ஏபெக்ஸுக்கே உரியது. ட்ரிக்கர் ஒரு தடவையில் 200 ரெக்கார்டுகள் வரை வாங்கும். சிங்க்ரனஸ் டிரான்சாக்‌ஷனில் 100 எஸ்ஓக்யூஎல் குவெரிகளுக்கே அனுமதி. ரெக்கார்டுக்கு ஒரு குவெரி என்று எழுதினால் 101ஆவதில் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பிழையை கேட்ச் செய்யவும் வழியில்லை. ஐடிகளின் தொகுப்பை வாங்கும் சர்வீஸ் மெத்தட், மொத்தமாக யோசிக்க வைக்கிறது. ஆனால் உள்ளே லூப்புக்குள் குவெரி இருந்தால் பயனில்லை. குறை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத பலம்: டிரான்சாக்‌ஷனின் எல்லை. உதாரணத்துக்கு, ஆர்டர் பதிவாகி, இன்வாய்ஸ் பதிவாகாமல் போகிறது. கன்ட்ரோலர் பிழையைப் பிடித்துத் திரையில் செய்தி காட்டுகிறது. இன்வாய்ஸ் இல்லாத ஆர்டர் தரவுத்தளத்தில் தங்கிவிடும். சேவ்பாயின்ட் வைத்து, தவறினால் பின்வாங்கும் பொறுப்புக்குச் சரியான இடம் சர்வீஸ்தான்.

குறைகளும் சிறியவை அல்ல. வந்த அழைப்பை அப்படியே அடுத்த கிளாஸுக்குக் கடத்தும் மெத்தடுகள் எதையும் சேர்ப்பதில்லை. படிப்பவர் திறக்க வேண்டிய கோப்புதான் ஒன்று கூடுகிறது. ஆப்ஜெக்டின் பெயரில் தொடங்கிய கிளாஸ், தொடர்பற்ற வேலைகளையெல்லாம் வாங்கி வீங்குகிறது. வழக்கமாக எழுதப்படும் ஸ்டாட்டிக் மெத்தடுகளை ஏபெக்ஸின் ஸ்டப் ஏபிஐ மூலம் மாக் செய்ய முடியாது. அதற்காக இன்டர்ஃபேஸும் ஃபேக்டரியும் சேர்த்தால் சிறு குழு திணறும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஷேரிங், அதாவது எந்தப் பயனர் எந்த ரெக்கார்டைப் பார்க்கலாம் என்ற விதி. அதை வெளிப்படையாக அறிவிக்காத சர்வீஸ், அழைக்கும் கிளாஸின் முறையை ஏற்றுக்கொள்ளும். ஒரே பயனருக்கு ஒரே மெத்தட் ஒரு வழியில் சில ரெக்கார்டுகளையும் இன்னொரு வழியில் எல்லாவற்றையும் காட்டக்கூடும்.

ஆகவே அளவுகோல் இரண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து அழைப்பு வருகிறதா? பல ஆப்ஜெக்டுகள் சேர்ந்தே பதிவாக வேண்டுமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் சர்வீஸ் கிளாஸ் எழுதுங்கள். ஷேரிங்கை முதல் வரியிலேயே அறிவியுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், அந்தக் கிளாஸ் இப்போதைக்கு வேண்டாம்.