பிஸ்கட் கொடுத்த குற்றம்

ஆஸ்கர் வைல்டின் ஒரு புத்தகத்தைக்கூடப் படிக்காதவர்கள் அவருடைய பொன்மொழி நாலு சொல்வார்கள். காலண்டர், டீ ஷர்ட், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எங்கும் வைல்ட்தான். அவர் சொல்லாததையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். இதில் ஒரு நஷ்டம் உண்டு. மனுஷன் எழுதியதில் ஆகச் சிறந்தது ஒரு ஜோக்கூட இல்லாத கடிதம் என்பது என் கட்சி.

வைல்ட் 1854-ல் டப்ளினில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, லண்டனில் பேச்சாலேயே பேர் வாங்கியவர். 1895 தொடக்கத்தில் அவருடைய இரண்டு நாடகங்கள் லண்டனில் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதே வருஷம் மே மாதம், ஓரினச் சேர்க்கையைக் குற்றம் என்ற அந்நாளையச் சட்டப்படி இரண்டு வருஷம் கடுங்காவல்.

ஜெயிலில் நண்பர் டக்ளஸுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம்தான் 'டி ப்ரொஃபுண்டிஸ்'. பலரும் உருகுவார்கள். எனக்குப் பாதிதான் சம்மதம். துக்கத்தைப் பற்றிய இடங்கள் அபாரம். ஆனால் நடுநடுவே, உனக்காக நான் இத்தனை செலவழித்தேன் என்று பழைய ஓட்டல் கணக்கெல்லாம் வருகிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுகிற எழுத்து.

நான் சொல்லும் கடிதம் வேறு. 1897 மே 19-ல் விடுதலையாகி பிரான்ஸுக்குப் போய்விட்டார். மே 28-ல் லண்டனின் 'டெய்லி கிரானிக்கிள்' பத்திரிகையில் அது வெளிவந்தது. விஷயம் சின்னது. ரெடிங் ஜெயிலில் மார்ட்டின் என்று ஒரு வார்டர். பசியில் அழுத ஒரு குழந்தைக் கைதிக்கு பிஸ்கட் கொடுத்தார். அதற்காக வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

ஆமாம், குழந்தைக் கைதிதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் உண்டு. ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் இருட்டறை. பயத்தில் ஜெயில் ரொட்டி தொண்டையில் இறங்காது. அப்பா அம்மா அடித்தால் குழந்தைக்குப் புரியும். 'சமூகம்' என்ற ஒன்று தண்டிக்கிறது என்றால் அதற்கு என்ன புரியும் என்று கேட்கிறார் வைல்ட். கொடுமைக்குக் காரணம் கெட்ட மனசுகூட இல்லை, கற்பனை இல்லாததுதான் என்கிறார்.

ஆயுள் முழுக்கக் கற்பனையை அழகுக்காகவே கொண்டாடியவர் சொல்கிறார் இதை. கற்பனை என்றால் அடுத்தவன் பசி தெரிவது என்று இங்கே அர்த்தம் மாறிவிடுகிறது. 1888-ல் வந்த அவருடைய 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையிலும் ஏழைகள் வருகிறார்கள். ஆனால் இளவரசன் சிலை, உயரமான பீடத்திலிருந்து அவர்களைப் பார்க்கிறது. இந்தக் கடிதத்தில் பீடம் இல்லை. எழுதியவர் அதே ஜெயிலில் அதே ரொட்டியைத் தின்றவர்.

பத்திரிகைக்கு எழுதிய லெட்டர் எல்லாம் இலக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஒருவர் தன்னை மறந்து எழுதிய பக்கங்கள் வேறென்ன?

அப்புறம் அவர் அதிகம் எழுதவில்லை. 1898-ல் ரெடிங் ஜெயிலைப் பற்றி ஒரு நீண்ட கவிதை வந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சி.3.3' என்று அவருடைய செல் நம்பர். 1900-ல் பாரிஸில் இறந்தபோது வயது 46.

விடுதலைக்கு முன்னால் மார்ட்டினுக்கு ரகசியமாக ஒரு துண்டுச் சீட்டு எழுதியிருக்கிறார். முயல் பிடித்ததற்காக உள்ளே இருக்கும் அந்தக் குழந்தைகளின் பெயர் என்ன, அபராதம் எவ்வளவு, நான் கட்டினால் வெளியே விடுவார்களா என்று.

காலண்டரில் அதைப் போட மாட்டார்கள்.