சோடிப் பொருத்தம்: இணுவிலின் இசை வழிகளும் அவற்றின் தரமும்

இணுவில் என்றதும் யாழ்ப்பாணத்தார் நாவில் முதலில் வருவது தவில். அது நியாயமான பெருமைதான். ஆனால் தவில் மட்டும் தனித்து வளர்ந்த ஊரல்ல இது. பரராசசேகரப் பிள்ளையார் கோவில் வாசலிலும் கந்தசுவாமி கோவில் வீதியிலும் நாதஸ்வரமும் தவிலும் சோடியாகவே வளர்ந்தன. அந்தச் சோடி வாசிப்பதற்குப் பாட்டு எழுதித் தந்த புலவர்களும் இந்த மண்ணிலேயே பிறந்தார்கள். சிவகாமி அம்மனைப் பாடிய சின்னத்தம்பிப் புலவர் முதல் வீரமணி ஐயர் வரை அந்த வரிசை நீளும்.

இங்கே இசை மூன்று வழிகளில் வந்தது. முதலாவது கோயில் வழி. காலைப் பூசைக்குப் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நேரமும் கிரியையுமே இராகத்தைத் தீர்மானிக்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. அங்கே தாளமே பேச்சு. கணக்குத் தவறாத கையும் நடைக்கு ஏற்ற நிதானமும் கோயில் வழி கேட்கும் தரம்.

இரண்டாவது குருகுல வழி. தஞ்சைப் பக்கத்து வித்துவான்கள் திருவிழாக்களுக்கு இங்கே வந்தார்கள். இங்குள்ள பிள்ளைகள் அங்கே போய்க் கற்றார்கள். அந்தப் போக்குவரத்தின் உச்சம் தவில் மேதை தட்சணாமூர்த்தி. 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தார். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா போன்ற தமிழகத்துப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தார். 1975இல் மறைந்தபோது வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசன், இணுவில் சின்னராசா என்று குடாநாடு அறிந்த பெயர்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

மூன்றாவது கல்லூரி வழி. சேர் பொன். இராமநாதன் 1913இல் பெண்கள் கல்லூரி நிறுவிய மருதனார்மடம் இணுவிலுக்கு அடுத்த வீடு மாதிரி. அங்கே 1960இல் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்தார். 1975இல் அது யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. வீட்டுத் திண்ணையில் கேள்வி ஞானமாக இருந்த இசை, பாடத்திட்டமும் பரீட்சையும் உள்ள கல்வியானது. பெண் பிள்ளைகளுக்கு இசை ஒரு தொழிலாகவும் வாழ்வாகவும் திறந்தது இந்த வழியால்தான்.

மூன்று வழிக்கும் பொதுவான உரைகல் ஒன்று உண்டு. அது சோடிப் பொருத்தம்: தவில் நாதஸ்வரத்தோடும் நாதஸ்வரம் பாட்டோடும் ஒன்றி நிற்பது.

கச்சேரிக்கு முன் தவில்காரர் தம் வலக்கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்த கூடுகள் அவை, கல்லுப் போல இறுகியிருக்கும். இடக்கையில் பூவரசங்கழி. பலா மரத்து உடலில் கட்டிய தோலில் இந்த இரண்டும் இறங்கினால் வீதி அதிரும். அவ்வளவு பலம் கையில் இருந்தும், நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியில் இழைந்து நிற்கும்போது அந்தக் கை தானாகவே மெலிகிறதே, அங்கேதான் வித்துவம் தெரியும். மறுபக்கம், நாதஸ்வரக்காரரின் வாயில் சொல் இல்லை. சீவாளி மட்டுமே உண்டு. ஆனாலும் எழுத்து விழும் இடத்தில் நாக்கின் தட்டான துத்துகாரம் விழ வேண்டும், நெடில் நீளும் இடத்தில் மூச்சு நீள வேண்டும். பாட்டைப் பாடமாக்காதவரால் இதைச் செய்ய முடியாது.

வீரமணி ஐயரின் பாடல்கள் இதற்கு நல்ல சோதனை. கலாக்ஷேத்திராவில் பயின்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் கற்பித்த அவர், 72 மேளகர்த்தா இராகங்களிலும் உருப்படிகள் இயற்றியவர். மயிலைக் கற்பகாம்பாள் மேல் அவர் எழுதி டி. எம். சௌந்தரராஜன் பாடிய இராகமாலிகையில், ஆனந்தபைரவியும் கல்யாணியும் பாகேஸ்ரீயும் ரஞ்சனியும் அம்பாளின் பெயர்களாகவே சாகித்தியத்தில் வருகின்றன. சொல் மாறும் இடத்தில் இராகமும் மாறுகிறது. அதை நாதஸ்வரத்தில் வாசிக்கும்போது, சொல் காதில் விழாமலே கேட்பவரின் உதடு அசைய வேண்டும். அசைந்தால் அது தேறிய வாசிப்பு.

கவிதையைப் பியானோவோடு பாடும் மேற்கத்தியரின் கலைப்பாடலுக்கும் இதே உரைகல்தான். ஷூபர்ட் 1815இல் கெதேயின் 'ஏர்ல்கோனிக்' கவிதைக்கு இசையமைத்தபோது, அதில் வரும் குதிரையின் குளம்பொலியைப் பாடகரிடம் தராமல் பியானோவிடம் தந்தார். அந்தப் பாட்டில் பியானோ ஓய்ந்தால் கதையே ஓய்ந்துவிடும். பெண்குரலின் உச்ச வகையான சொப்ரானோவில் புகழ்பெற்ற எலிசபெத் சுவார்ஸ்கோப் முதலியோருக்குப் பியானோ வாசித்த ஜெரால்ட் மூர், பக்கவாத்தியக்காரர் கூசி ஒதுங்க வேண்டியதில்லை என்று சொல்லவே 1943இல் ஒரு நூல் எழுதினார். 1967இல் அவர் இலண்டன் மேடையில் விடைபெற்றபோது சுவார்ஸ்கோப்பும் வேறு இரு பெரும் பாடகர்களும் வந்து பாடினார்கள். பக்கத்தில் இருந்தவருக்காக முன்னால் நிற்பவர்கள் வந்து பாடிய அந்த மரியாதையை இணுவில் எப்போதோ அறிந்திருந்தது. நம் மேளச் சமாக்களில் தவிலைக் கேட்கவென்றே ஊர்விட்டு ஊர் வந்து, விடியும்வரை மணலில் இருந்த சனம் அதற்குச் சாட்சி.

ஆகவே கோயில் தர்மகர்த்தாக்களையும் உபயகாரர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். திருவிழாவில் மேளத்துக்கு முழுமையாக ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் வேறெதுவும் ஓடாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்குவோர் முதலில் பாட்டைப் பாடமாக்கச் செய்யுங்கள். நாதஸ்வரம் பழகும் பிள்ளையும் தவில் பழகும் பிள்ளையும் ஒரே பாயில் இருந்து பழகட்டும். சோடி நிலைத்தால் இணுவிலின் பெயர் நிலைக்கும்.