தீர்த்தமும் ஆகாமியமும்

பொதியமலையிற் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலொடு கலப்பது தாமிரவருணி. அம்மலையடிவாரத்துப் பாவநாசத் துறையில் நீராடுவார் பலர், தாம் உடுத்த ஆடையை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். ஆடையோடு தோஷமும் பாவமும் நீங்குமென்பது அவர் துணிபு. இவ்வழக்கம் சைவநெறிக்கு இயைபுடையதாமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஆடையை விடுதலால் வினை கழியுமெனின், வினை பற்றியிருந்தது உயிரையோ, ஆடையின் இழையையோ? உயிரையே என்பது சித்தாந்தம். சஞ்சிதம் குருவருளாற் பெறும் தீக்கையாலும், பிராரத்தம் நுகர்ச்சியாலும் ஒழியும். துணிக்கு ஆண்டு இடமில்லை. மற்று, அச்செயலால் விளைவது வேறொன்றுளது. பலர் பருகும் நீரைக் கெடுத்தல் இப்பிறவியிற் புதிதாக ஈட்டும் தீவினை, அதுவே ஆகாமியம். பழவினை போக்க வந்தவர் புதுவினையை முடிந்துகொண்டு மீளுதல் இரங்கத்தக்கது.

அவ்வாடைகளும் முன்னாளிற்போலப் பருத்தியல்ல. பருத்தி காலத்தால் மட்கும். பாலியெஸ்டர் எளிதில் மட்காது. பாறையிடுக்கிற் சிக்கியும் மணலிற் புதைந்தும், மீன்களுக்கும், பின்வந்து மூழ்குவார் காலுக்கும் அது தளையாகின்றது. இனி, மட்கும் பூவும் மாலையும் சோறுமே எனினும், அளவிறந்து சேரின், அவை அழுகுங்கால் நீரிற் கரைந்துள்ள உயிர்வளியை உண்டுவிடும், மீனுக்கு மூச்சில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்துணையோ ஊர்களுக்குக் குடிநீர் இவ்வாறே.

“ஆறு தெய்வம், தெய்வத்துக்கு மாசு ஏது?” என்பாருமுளர். அது போலியுரை. நீர் இறைவனது அட்டமூர்த்தங்களுள் ஒன்று. மூர்த்தி மாசுறாதென்று கருதித் திருமஞ்சனக் குடத்தில் அழுக்குத்துணியை இடுவார் யாருமிலரே! ஆசாரக்கோவை, உமிழ்தலும் மலசலம் விடுதலும் ஆகாத பத்திடங்களை எண்ணுமிடத்துத் தீர்த்தத்தையும் திருக்கோயிலையும் ஒருங்கு வைத்தெண்ணியது.

“நகரக் கழிவுநீர் ஆற்றிற் கலக்க, ஒரு வேட்டியால் வரும் கேடென்ன?” என்பது மற்றொரு தடை. இதன்கண் ஓர் உண்மையுண்டு. திருநெல்வேலி நகரத்துக் கழிவுநீர் கலத்தல் மெய்யே. கேடும் அதனாற் பெரிதே. அதனைத் தடுத்தல் ஆட்சியாளர் கடன்; அவரை வினவுதல் குடிமக்கள் கடன். ஆயினும் அவரவர் வினை அவரவரையே சாரும். மாநகராட்சியின் குற்றம் நீராடுவான் கணக்கிற் கழிவாக எழுதப்படுவதில்லை.

ஐந்தாந் திருமுறையுள் அப்பரடிகள் அருளிய பாவநாசத் திருக்குறுந்தொகை என ஒரு பதிகம் உளது. பெயரொப்புமை கண்டு இத்துறையைப் பாடியதென மயங்கற்க, அது பொதுப்பதிகம். இறைவன் எங்குமுளன் என்னும் உணர்வில்லார்க்குக் கங்கை காவிரியில் மூழ்குதலாலும் பயனில்லை என்பது அதன்கட் காணப்படும் கருத்து. எங்குமுளன் என்றுணர்ந்தவர், அவன் உளனாகிய நீரில் எதனை எறிவர்?

விட்ட துணிகளை அள்ளிக் கரையேற்றுவோர் கூலியாட்களும் தொண்டர்களுமே. நீரூறிக் கனத்த அக்குவியலைச் சுமப்பது அவர் தோள், விட்டவர் தோளன்று. உழவாரம் ஏந்தித் திருக்கோயில்தோறும் புல்லும் முள்ளும் களைந்த அப்பரடிகளை வணங்குவோர்க்குத் தம் ஈரவேட்டியைப் பிழிந்து, பையிலிட்டு, இல்லத்துக்குக் கொண்டுபோதல் அரிய செயலன்று.