ஓடையை எழுதும் மரபுகள்

மரங்களுக்கு நடுவே ஓடும் நீரை எழுதக் கற்பவர்கள் முதலில் சித்தன்னவாசலுக்குப் போய் வர வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் தீட்டிய அந்த விதானத்தில் இருப்பது ஓடையல்ல, தாமரைக் குளம். குளத்தை மேலிருந்து பார்க்கிறோம். மீனும் யானையும் எருமையும் பக்கவாட்டில் தெரிகின்றன. தூரம், அருகு என்ற கணக்கு அங்கே கிடையாது. கோட்டின் உறுதிதான் அந்த மரபுக்கு அளவுகோல்.

1792இல் தெற்கே வந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். காட்சியைத் தாளில் விழச் செய்யும் கருவியை வைத்துக் கோடு போட்டவர்கள் அவர்கள். அளவு பிசகாது. ஆனால் அந்த அருவியில் ஈரம் குறைவு என்பதே என் எண்ணம்.

ஈரத்தைக் கற்றுக்கொடுத்தது சென்னை ஓவியப் பள்ளி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்றார். அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். தீட்டிய தாளை நனைத்து, உலர்த்தி, மறுபடி தீட்டும் வங்காளத்து ‘வாஷ்’ முறை அவர் கற்று வந்தது. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கரோ நீர்வண்ணத்தைத் திறந்தவெளிக்கு எடுத்துப்போனார். தென்னைகளுக்கிடையே கிடக்கும் கேரளத்து வாய்க்கால்களை எழுதிய அவரது தொடக்ககாலப் படங்களே இன்றும் எனக்குப் பாடம்.

இந்த முறையில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான். நீர் மின்ன வேண்டிய இடத்தில் தூரிகை படவே கூடாது. மர நிழலை ஈரம் காயுமுன் கீழ்நோக்கி இழுத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் குறுக்கே ஒரு கீற்று போட்டால் நீர்ப்பரப்பு தானே படுத்துக்கொள்ளும். வெள்ளை வண்ணத்தை அப்பி ஒளி காட்டினால் அது தேறாது.

வடசென்னையில் காட்டோடைக்கு எங்கே போவது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எண்ணூர் முகத்துவாரம் இருக்கிறதே! கொசஸ்தலை ஆறு கடல் சேரும் இடத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. நீர் வடியும்போது சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெய் அந்த மரங்களிலும் கரியாய்ப் படிந்தது. அந்தக் கருப்பை விட்டுவிட்டு வெறும் பச்சையாக எழுதிய படத்தை நான் நல்ல படம் என்று ஏற்கமாட்டேன்.

திருவொற்றியூர், எண்ணூர் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலண்டர் அருவியைப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். பிள்ளைகளை நீர் வடியும் நேரத்தில் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போங்கள்.