நாடுதோறும் கணக்கு வகுப்பு

கணக்கில் எந்த நாடு முதலிடம் என்று கேட்டால் எல்லோரும் பீசா தேர்வுப் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 2000 முதல் நடந்துவரும் தேர்வு அது. 2022இல் சிங்கப்பூர் 575 புள்ளிகளோடு முன்னே நின்றது. தேர்வை நடத்தும் ஓஇசிடி நாடுகளின் சராசரி 472. ஆனால் பட்டியலை மட்டும் வைத்து ஒரு நாட்டை எடைபோட முடியாது. 2003இல் 544 புள்ளி பெற்று, உலகக் கல்வியாளர்களெல்லாம் தேடிப்போய்ப் பார்த்த பின்லாந்து 2022இல் 484க்கு இறங்கிவிட்டது. வகுப்பில் ஒரு கணக்கு எப்படித் தொடங்குகிறது, தப்பான விடை வந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார், அந்த ஆசிரியர் யாரிடம் கற்றார் என்று கேட்டால்தான் மரபுகளின் வேறுபாடு தெரியும்.

1995ஆம் ஆண்டு டிம்ஸ் என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வையொட்டி ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 231 எட்டாம் வகுப்புகளை வீடியோ எடுத்தார்கள். அவற்றில் ஒரு ஜப்பானிய வகுப்பு கணக்காசிரியர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. அடிப்பக்கமும் உயரமும் சமமாக இருந்தால் முக்கோணங்களின் பரப்பும் சமம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆசிரியர் பலகையில் இரண்டு பேருடைய நிலங்களை வரைகிறார். நடுவே வரப்பு முழங்கைபோல மடங்கிக் கிடக்கிறது. எவருடைய நிலமும் கூடாமல் குறையாமல் வரப்பை நேராக்க வேண்டும். வழி எதையும் அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் முதலில் தனியாக யோசிக்கிறார்கள். அவர் மேசை மேசையாக நடந்து, யார் என்ன வரைகிறார்கள் என்று பார்க்கிறார். பிறகு அவர்களே பலகைக்கு வந்து விளக்குகிறார்கள். வரப்பின் இரு முனைகளையும் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மடங்கிய மூலை வழியாக அந்த அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டு, மூலையை அந்தக் கோட்டின்மேலேயே எல்லைவரை நகர்த்தினால் பரப்பு மாறாது, வரப்பும் நேராகிவிடும்.

அதே ஆய்வில் அமெரிக்க வகுப்புகள் பெரும்பாலும் வேறு மாதிரி இருந்தன. ஆசிரியர் வழியைக் காட்டுவார், பிள்ளைகள் அதே வழியில் பத்துக் கணக்கு போடுவார்கள். நம் வகுப்புகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஜப்பானியப் பலகையை நடுவில் அழிப்பதில்லை. கேள்வி, தடுமாறிய வழி, சரியான வழிகள், முடிவு எல்லாம் மணி அடிக்கும்வரை வரிசையாக நிற்கும். இந்தப் பலகைமுறைக்கு ‘பான்ஷோ’ என்று பெயர். இதை எந்த ஆசிரியரும் தனியாகக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு பாடத்தைப் பல ஆசிரியர்கள் கூடித் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஓரமாக நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக அலசுவார்கள். மெய்ஜி பேரரசர் காலத்தில் வேர்விட்ட பழக்கம் இது. ஜப்பானின் உண்மையான பலம் இதுதான் என்பது என் கருத்து.

சீனாவிலும் இதே பலம் வேறு வடிவில் இருக்கிறது. கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்ட கேள்வி ஒன்று: ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் என்ன? அதற்கு ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள். 23 அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப்பேர்கூட முழுச் சரியான விடைக்கு வரவில்லை. பொருந்தும் கதையைச் சொன்னவர் ஒரே ஒருவர். பலர் ஒன்றேமுக்கால் பண்டத்தை இரண்டு பேருக்குப் பங்கிட்டார்கள். அது இரண்டால் வகுப்பது. ஒன்றேமுக்காலில் எத்தனை அரை இருக்கிறது என்பதல்லவா கேள்வி? மூன்றரை. 72 சீன ஆசிரியர்களும் விடையைச் சரியாகச் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பேர் கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீனர்களோ பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவர்கள். மீதியைப் பள்ளியிலேயே சக ஆசிரியர்களோடு பாடநூலை வரிவரியாக ஆராய்ந்து கற்றார்கள்.

சிங்கப்பூரின் பங்கு ஒரு படம். 1980களில் அங்கே உருவான பட்டைமுறையில் குழந்தைகள் அளவுகளைச் செவ்வகங்களாக வரைகிறார்கள். தம்பியிடம் இருப்பதுபோல் மூன்று மடங்கு அண்ணனிடம். இருவரிடமும் சேர்த்து 240 வெள்ளி. தம்பிக்கு ஒரு பட்டை, அண்ணனுக்கு மூன்று. நான்கு பட்டை 240 என்றால் ஒன்று 60. இயற்கணிதம் தொடுவதற்கு முன்பே குழந்தைக்கு அதன் சாரம் கைவந்துவிடுகிறது.

ஹங்கேரியும் ரஷ்யாவும் வேறு கிளை. 1894இல் தொடங்கிய கோமல் என்ற மாத இதழ் ஹங்கேரி மாணவர்களுக்கு இன்றும் கணக்குகளை விடுக்கிறது. ரஷ்யாவில் பள்ளி நேரத்துக்குப் பிறகு கூடும் கணித வட்டங்கள் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்களை உருவாக்கின. திறமைசாலிகளை வளர்ப்பதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு என்ன வழி என்பதற்கு இவற்றில் விடை கிடைக்காது.

கிழக்காசியாவைப் போற்றும்போது ட்யூஷனை மறைக்கக் கூடாது. கொரியாவின் ஹாக்வோன், ஜப்பானின் ஜுகு என்னும் ட்யூஷன் மையங்கள் பிள்ளைகளின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. சியோலில் இரவு பத்து மணிக்கு ஹாக்வோன்களை மூட வேண்டும் என்று விதியே போட்டார்கள். சீன அரசு 2021இல் பாடங்களுக்கான தனியார் ட்யூஷன் தொழிலையே முடக்கியது. புள்ளிகளில் எவ்வளவு பள்ளியால் வந்தது, எவ்வளவு வீட்டுச் செலவால் வந்தது என்பதைப் பட்டியல் பிரித்துக் காட்டுவதில்லை.

பீசாவின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். கணக்கில் தமிழ்நாடு பெற்றது 351. பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தோம். வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. அந்தக் காரணத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். 351 என்ற எண்ணுக்கு அது முழு விளக்கமாகாது.

நம்மிடம் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூட இடமும் நாளும் ஏற்கெனவே உண்டு. அங்கே ஒரு முறை சுற்றறிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் ஏழில் இரண்டு என்று பிள்ளைகள் ஏன் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆசிரியர் அந்தப் பாடத்தை நிஜ வகுப்பில் நடத்தட்டும், மற்றவர்கள் பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்க்கட்டும். அடுத்த மாதம் அதே பாடத்தைத் திருத்தி இன்னொருவர் இன்னொரு பள்ளியில் நடத்தலாம்.