முகமும் பாத்திரமும்

சிலப்பதிகாரத்தில் ஆடலரசியாக விளங்கிய மாதவி, மணிமேகலையில் துறவு பூண்ட தாயாக வருகிறாள். நூல் வேறு, புலவரும் வேறு. எனினும் இவள் வேறொருத்தியோ என்று கற்பவர் எவரும் ஐயுறுவதில்லை. காப்பிய மாந்தரின் முகத்தைப் படிப்பவரே தம் உள்ளத்தில் தீட்டிக்கொள்கின்றனர் என்பதே அதற்குக் காரணம்.

நாடக மேடைக்கும் ஓரளவு இவ்வுரிமை உண்டு. பேராக் மாநிலத்து இரப்பர் தோட்டங்களில் முன்னாளில் திருவிழாவை ஒட்டி நாடகம் நடப்பதுண்டு. ஓராண்டு அருச்சுனனாக நின்றவர் வேறு தோட்டத்திற்குப் போய்விட்டால், மறு ஆண்டு மற்றொரு பால்வெட்டுத் தொழிலாளி அவ்வேடத்தை ஏற்பதில் தடையில்லை. முடியும் வில்லும் பாட்டும் அருச்சுனனைக் காட்டிவிடும்.

திரைப்படத்திற்கு இவ்வுரிமை இல்லை. லயத்துக் குடும்பங்கள் திடலில் பாய் விரித்து, வெள்ளைத் துணியில் படம் பார்த்த காலத்திலும் சரி, இன்று ஈப்போ நகரத் திரையரங்கிலும் சரி, காண்போர் நெஞ்சில் பதிவது நடிகரின் முகமே. பாத்திரத்தின் பெயர் மறந்தாலும் முகம் மறப்பதில்லை. தொடர்படம் எடுப்போர் இவ்வேறுபாட்டை எண்ணுதல் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று ஹரி இயக்கிய 'சாமி'. 2003இல் வெளிவந்த அப்படத்தில் காவல் அதிகாரி ஆறுச்சாமியாக விக்ரமும், புவனாவாகத் திரிஷாவும் நடித்தனர். தொடர்படத்திலும் திரிஷா நடிப்பதாக இருந்தது. ஆயின் 2017 அக்டோபரில், கருத்து வேறுபாட்டால் விலகுவதாக அவர் அறிவித்தார். புவனா வேடம் ஐஸ்வர்யா ராஜேஷிடம் சென்றது. 'சாமி ஸ்கொயர்' 2018 செப்டம்பரில் திரைக்கு வந்தது.

புதிய நடிகையின் திறமையைக் குறை கூறுதல் முறையன்று. 'காக்கா முட்டை'யில் ஏழைத் தாயாக அவர் நடித்ததைக் கண்டவர் அவருடைய ஆற்றலை அறிவர். குறை வேறிடத்தில் உள்ளது. ஆறுச்சாமியும் புவனாவும் கொல்லப்படுகின்றனர். அவர்கள் மகன் வளர்ந்து பழிதீர்க்கிறான். எனவே படத்தின் அவலம், 15 ஆண்டுகளுக்கு முன் மக்கள் கண்ட இணையரின் நினைவையே அடித்தளமாகக் கொண்டது. அவ்விணையருள் ஒருவர் பழைய முகத்தோடும் மற்றவர் புதுமுகத்தோடும் நிற்கும்போது, இரங்க வேண்டிய இடத்தில் காண்போர் ஒப்பிடத் தொடங்குகின்றனர். அவலச் சுவை அங்கேயே மெலிகிறது. பகைவன் இராவணப் பிச்சையாக வந்த பாபி சிம்ஹாவிற்கு இத்தொல்லை இல்லை. அவர் ஏற்றது புதிய பாத்திரம். ஒப்பிடப் பழைய முகம் கிடையாது.

அவ்வாறாயின் நடிகர் விலகினால் தொடர்படமே கூடாதா? அப்படியன்று. 1974இல் 'காட்பாதர்' இரண்டாம் பாகத்திற்கு, முதற்பாகத்தில் கிளெமென்சாவாக நடித்த ரிச்சர்டு காஸ்டெலானோ வரவில்லை. இயக்குநர் கொப்போலா அம்முதியவரின் வேடத்தைப் பிறரிடம் ஒப்படைக்கவில்லை. கிளெமென்சா இறந்துவிட்டதாகக் கதையமைத்து, பென்டாஞ்செலி என்னும் புதிய முதியவரைப் படைத்தார். அவ்வேடத்தில் நடித்த மைக்கேல் கஸ்ஸோ ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இழப்பு ஆக்கமாயிற்று.

'சாமி'யின் தொடர்ச்சியிலும் இதற்கு இடமிருந்தது. முதற்படத்தின் காட்சிகளாலேயே புவனாவை நினைவூட்டி, அவளுடைய மறைவைப் பிறர் வாய்மொழியால் உணர்த்தியிருக்கலாம். ஐஸ்வர்யா ராஜேஷுக்கும் அவருக்கே உரிய புதியதொரு பாத்திரத்தைத் தந்திருக்கலாம். முகம் மாறும்போது கதையும் மாறவேண்டும். கதையை அப்படியே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றினால், அதன் சுமை முழுவதும் குற்றமற்ற ஒரு நடிகையின் தோளில் விழுகிறது.